பரிசோதனைகளில் பிடிபடாத உடல் உபாதைகளுக்கு எட்டு வாரக் கவனப் பயிற்சிக் குழு: நடத்தும் முறை

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் இயல்பு என்று வந்த பிறகும் வயிற்று எரிச்சல், தலைபாரம், கை கால் குடைச்சல், படபடப்பு என்று ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது உடம்பிலும் மனத்திலும் அந்தந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சியின் அடிப்படையிலான எட்டு வாரக் குழுச் சிகிச்சையை முதன்முறையாக நடத்தப் போகும் உளவியல் ஆலோசகர்களுக்கு இதை எழுதுகிறேன். பயிற்சிகளை முறையாகக் கற்றிருக்கிறீர்கள் என்றும், குறைந்தது ஓராண்டாக நீங்களே செய்து வருகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் கால் மரத்துப்போவதையும், எழுந்துவிடலாமா என்று மனம் அரிப்பதையும் தன் உடம்பில் அறியாதவரால், அதைச் சொல்லும் பங்கேற்பாளருக்கு உருப்படியான பதில் சொல்ல முடியாது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பயிற்சிகளுக்கு முந்தைய வேலைகளில்தான். எனவே கீழே உள்ள முதல் ஐந்து படிகளும் குழு கூடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

1. மருத்துவர் பார்த்து முடித்திருக்கிறாரா என்று உறுதி செய்தல்

மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் யாரையும் சேர்க்காதீர்கள். ‘எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு’ என்ற சொல்லை மட்டும் நம்பி இறங்கி நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். பாதம் எரிகிறது என்று வந்த சைவ உணவுக்காரர் ஒருவரிடம் நான்கு வருட ரிப்போர்ட்டுகள் இருந்தன. மூன்று முறை எடுத்த எம்.ஆர்.ஐ.கூட இருந்தது. வைட்டமின் பி12 அளவு மட்டும் எங்கும் இல்லை. மூன்றாவது வாரத்தில் தற்செயலாக அது தெரியவந்து, ஊசி போட்ட பிறகு எரிச்சல் பாதிக்குமேல் தணிந்தது. அவருக்கு முதலில் தேவைப்பட்டது பயிற்சி அல்ல என்பதை நான் முன்பே கேட்டறிந்திருக்க வேண்டும்.

ஹீமோகுளோபின், இரத்தச் சர்க்கரை, தைராய்டு, பி12 ஆகியவை பார்க்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். காரணமின்றி எடை குறைதல், விடாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, மலத்தில் இரத்தம், ஒரு கையோ காலோ பலம் குறைதல், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய உபாதை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள். குழு அடுத்த முறையும் நடக்கும்.

தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர்கள், மனச்சிதைவு அல்லது மிகையெழுச்சி (மேனியா) நிலையில் இருப்பவர்கள், குடியை நிறுத்திய சில நாட்களில் இருப்பவர்கள் ஆகியோரை இந்தக் குழுவில் சேர்க்கக் கூடாது; அவர்களுக்கு மனநல மருத்துவரின் உடனடிக் கவனிப்பு வேண்டும். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐ எல்லோருக்கும் கொடுக்கும் தாளின் மேற்பகுதியில் அச்சிட்டுவிடுங்கள்.

2. ஒரே மருத்துவர், குறித்த நாள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். வரும் நபர் மூன்று நான்கு மருத்துவர்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். எட்டு வாரக் காலத்துக்காவது ஒருவரை மட்டும் தேர்ந்துகொள்ளச் சொல்லி, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, உடம்பு எப்படியிருந்தாலும், அவரைப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். வலி கூடினால்தான் டாக்டரைப் பார்க்கலாம் என்றிருந்தால், வலி கூடிவிட்டதா என்று கணக்குப் பார்ப்பதே மனத்தின் முழுநேர வேலையாகிவிடும். நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்தால் அந்தக் கணக்கு தானாகத் தளரும்.

அந்த மருத்துவருக்கு அரைப்பக்கக் கடிதம் ஒன்று போதும். புதிய அறிகுறி தோன்றினால் தொட்டுப் பார்த்துப் பரிசோதிக்கவும், அதில் ஏதேனும் தென்பட்டால் மட்டும் அடுத்த டெஸ்ட்டுக்குப் போகவும், ‘ஒன்றுமில்லை, மனசுதான்’ என்று சொல்லாமல் இருக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் இதை ஒரு நிம்மதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. பலருக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதப்பட்டிருக்கும். அதை இணையத்தில் தேடி, மனச்சோர்வு மாத்திரை என்று படித்து, ‘என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள்’ என்று நிறுத்தியிருப்பார்கள். அதே மருந்து சிறிய அளவில் நரம்பு வலிக்கும் தலைவலிக்கும் குடல் உபாதைக்கும் கொடுக்கப்படுவது வழக்கம் என்பதை விளக்குங்கள். எந்த மருந்தையும் நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவரின் வேலை. குழுவில் அந்தப் பேச்சு எழுந்தால் அங்கேயே மடக்கிவிட வேண்டும்.

3. தனி நேர்காணல்: முதலில் பையைப் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். துணிப்பை நிறைய ரிப்போர்ட்டுகள் வரும். ‘அது வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்’ என்று பையை ஒதுக்கிவைப்பது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அந்தப் பையைத் தாள் தாளாகப் பாருங்கள். உங்களுக்கு அதில் மருத்துவத் தகவல் ஏதும் கிடைக்காமல் போகலாம். ஆனால் அவருக்கு, தன்னை நம்பி ஒருவர் கடைசித் தாள்வரை பார்த்தார் என்பது கிடைக்கும். நம்பிக்கை வைக்கப்படாத உடம்போடு எட்டு வாரம் உட்கார யாரும் ஒப்ப மாட்டார்கள்.

பிறகு விளக்கம். நான் கையாளும் உவமை இது: கைக்குழந்தை உள்ள வீட்டில், தெருவில் லாரி போனாலும் தாய் தூங்கிக்கொண்டிருப்பாள், குழந்தை லேசாகச் சிணுங்கினால் எழுந்துவிடுவாள். அவள் காது மாறவில்லை, எதைக் கேட்க வேண்டும் என்று மூளை காத்திருக்கிறதோ அது பெரிதாகக் கேட்கிறது. நெடுநாள் வலியிலும் பயத்திலும் இருந்த நரம்பு மண்டலம் உடம்பின் சிணுங்கல்களுக்கு அப்படிப் பழகிவிடுகிறது. சிணுங்கல் கற்பனையல்ல, வலியும் கற்பனையல்ல. அதன் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் இடம் மாறியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது ‘காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை’ என்பதையே அடித்தளமாக்காதீர்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய்ப் பகுப்பேடும், உபாதைக்கு மருத்துவ விளக்கம் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இவ்வகைக் கோளாறின் முக்கிய வரையறையிலிருந்து நீக்கிவிட்டு, உபாதையோடு சேர்ந்து வரும் மிகையான கவலையையும் அதற்காகச் செலவாகும் நேரத்தையும் அளவுகோலாக்கியது. சர்க்கரை நோய் உள்ளவருக்கும் இந்தச் சிக்கல் வரலாம். ‘ஒன்றுமில்லை’ என்பதன்மேல் கட்டிய சிகிச்சை, அடுத்த ஸ்கேனில் ஒரு சிறு பித்தப்பைக் கல் தெரிந்ததும் சரிந்துவிடும்.

‘இது முடிஞ்சா வலி போயிடுமா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். போய்விடும் என்று சொல்லாதீர்கள். நெதர்லாந்தில் 125 பேரை வைத்துச் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், பயிற்சி முடிந்தபோது பொதுவான உடல்நல மதிப்பீட்டில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மனநலச் செயற்பாட்டில் இருந்தது. அதே ஆண்டில் டென்மார்க்கில் 119 பேரிடம் செய்த ஆய்வில், மேம்படுத்தப்பட்ட வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் காலப்போக்கில் ஏறக்குறைய அதே அளவு முன்னேறினார்கள். கவனப் பயிற்சிக் குழுவின் முன்னேற்றம் விரைவில் வந்தது. ஆகவே நான் சொல்வது: ‘வலி குறையலாம், குறையாமலும் இருக்கலாம். வலி வந்தால் உங்கள் நாள் முழுவதும் அதோடு போய்விடுகிறதே, அதை மாற்றப் பார்ப்போம்.’ இதைக் கேட்டு விலகுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் மூன்றாவது வாரத்தில் ஏமாந்து விலகுவதைவிட இது நல்லது.

4. எதை அளப்பது

பி.எச்.க்யூ-15 வினாத்தாளை நிரப்பச் சொல்லுங்கள். பதினைந்து உபாதைகள், மொத்தம் 30 புள்ளிகள். 5, 10, 15 என்பவை முறையே லேசான, நடுத்தர, கடுமையான நிலைகளின் எல்லைகள். கூடவே மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9. அதன் ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது; தாளை வாங்கியவுடன், அவர் எழுந்து போவதற்குள், அந்த வரியைப் பாருங்கள். அலமாரியில் வைத்துவிட்டு மறுநாள் பார்ப்பது மன்னிக்க முடியாத பிழை.

இவற்றைவிட முக்கியமானது, கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டு நோக்கங்களை எழுதி வாங்குவது. ‘நிம்மதியாக இருக்க வேண்டும்’ என்பது நோக்கமாகாது. ‘பேத்தியைப் பள்ளியிலிருந்து நடந்தே கூட்டிவருவது’, ‘தங்கை வீட்டு விசேஷத்தில் சாப்பாடு முடியும்வரை இருப்பது’ என்பவை நோக்கங்கள். எட்டாவது வாரத்தில் வலி அப்படியே இருந்து பேத்தியைக் கூட்டிவர முடிந்திருந்தால், அதை அவரே கண்டுகொள்ள இந்தத் தாள் வேண்டும்.

5. இடம், நேரம், சொல்

எட்டு முதல் பன்னிரண்டு பேர், வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம். பெண்கள் அதிகம் உள்ள குழுவென்றால் காலை பத்தரைக்கு வையுங்கள். பிற்பகலில் வைத்தால் சோற்றுமயக்கத்தில் பாதிப்பேர் உறங்கிவிடுவார்கள். பாதத்திலிருந்து தலைவரை கவனத்தை மெல்ல நகர்த்தும் ‘உடல் வலம்’ பயிற்சியைப் பாயில் படுக்கவைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆண்களும் இருக்கும் கூடத்தில் புடவையோடு மல்லாந்து படுக்கப் பல பெண்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தோடு எந்தக் கவனமும் உடம்பில் நிற்காது. கைப்பிடியில்லாத, முதுகு சாயும் நாற்காலி போதும். கழிப்பறை பக்கத்தில் இருப்பது குடல் உபாதைக்காரர்களுக்குத் தியான மண்டபத்தைவிட முக்கியம்.

‘தியானம்’ என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன். அதைக் கேட்டதும் மனத்தைக் காலியாக்க வேண்டும் என்று சிலரும், தங்கள் மதத்துக்கு ஒவ்வாதது என்று சிலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ‘கவனப் பயிற்சி’ என்றால் யாருக்கும் தயக்கமில்லை. ‘தளர்த்துங்கள்’, ‘ரிலாக்ஸ்’ என்பவற்றையும் விட்டுவிடுங்கள். தளர்த்தச் சொன்னால், தளரவில்லையே என்ற புதிய கவலை ஒன்று சேரும். ‘என்ன தெரிகிறதோ அதைக் கவனியுங்கள்’ என்றால் தோற்பதற்கு இடமில்லை.

6. முதல் இரண்டு வாரங்கள்: வலிக்காத இடத்தில் தொடங்குங்கள்

வழக்கமாக உலர்திராட்சையை வைத்துத் தொடங்குவார்கள். நான் முழுநெல்லிக்காயை வைக்கிறேன். தொட்டு, முகர்ந்து, ஒரு துண்டு கடித்து, துவர்ப்பும் புளிப்பும் ஏறுவதைக் கவனித்து, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்வேன். தண்ணீர் இனிக்கும். ‘யார் இனிப்பைப் போட்டார்கள்?’ என்று கேட்டால் கூடம் சிரித்துவிடும். ஓர் உணர்வு நாம் எதையும் செய்யாமலே மாறுகிறது என்பதை அன்று நாக்கில் பார்க்கிறார்கள். பின்னால் வயிற்றில் பார்க்க அது உதவுகிறது. புளிப்புக்குப் பயப்படும் வயிற்றுக்காரர் முகர்ந்துவிட்டு வைத்துவிடலாம்.

அடுத்தது உடல் வலம். இங்கே ஒரு பெரிய பிழை நடக்கிறது: பயிற்சிப் புத்தகத்தில் உள்ளபடி முதல் நாளே நாற்பத்தைந்து நிமிடம், வலிக்கும் இடம் உட்பட எல்லா இடத்துக்கும் கூட்டிப்போய்விடுவது. இவர்கள் ஏற்கெனவே இரவும் பகலும் உடம்பைக் கவனிப்பவர்கள். அவர்களுக்குத் தெரியாதது பயமில்லாமல் கவனிப்பது. எனவே முதல் வாரம் பதினைந்து நிமிடம் மட்டும், உள்ளங்கை, விரல்கள், பாதம் தரையில் படும் இடம் என உபாதையில்லாத பகுதிகளில் நில்லுங்கள். ஒவ்வொருவரும் தனக்கு வலிக்காத ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, அதைத் திரும்பிவரும் திண்ணையாக வைத்துக்கொள்ளட்டும். இரண்டாம் வாரத்தில் இருபது நிமிடமாக்கி, வலிக்கும் இடத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திண்ணைக்குத் திரும்பச் செய்யுங்கள்.

படபடப்பும் மூச்சுமுட்டலும் உள்ளவர்களை மூச்சைக் கவனிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மூச்சைப் பார்த்ததும் அதைச் சரிசெய்ய முற்பட்டு, வேகமாக இழுத்து, கை மரத்து, பயம் பற்றிக்கொள்ளும். அவர்களுக்குப் பாதமோ, மின்விசிறியின் ஓசையோ போதும். கண்ணைத் திறந்துவைத்துச் செய்யலாம் என்பதையும், எந்த நேரமும் நிறுத்தலாம் என்பதையும் ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். வன்முறைக்கு ஆளானவர்கள் அதை முன்கூட்டி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு உங்கள் குரலிலேயே பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் கேட்பார்கள் என்பதைக் கூட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று எழுதியவர்கள் கேட்பதில்லை.

7. மூன்றாம் நான்காம் வாரங்கள்: வலி கூடியதுபோல் தோன்றும்

இதை முதல் வாரமே அறிவித்துவிட வேண்டும். இதுவரை தொலைக்காட்சியாலும் மாத்திரையாலும் தள்ளிவைத்திருந்த உணர்வுகள் மேலெழும்போது, ‘பயிற்சியால் அதிகமாகிவிட்டது’ என்று தோன்றுவது இயல்பு. முன்கூட்டிச் சொன்ன குழுவில் இது பேச்சாகிறது. சொல்லாத குழுவில் இரண்டு நாற்காலிகள் காலியாகின்றன. உபாதை உண்மையிலேயே தாங்க முடியாமல் கூடினால் பயிற்சியின் நேரத்தைப் பாதியாக்கி, நடைப்பயிற்சிக்கு மாற்றுங்கள். புதிய வகை அறிகுறியென்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இந்த வாரங்களில் மெல்லிய உடலசைவும், செய்துகொண்டிருப்பதை நிறுத்தி உடம்பிலும் மனத்திலும் என்ன நடக்கிறது என்று பார்க்கும் மூன்று நிமிட இடைநிறுத்தமும் சேரும். கூடவே ஒரு தாள், அதில் மூன்று கட்டங்கள்: உடம்பில் என்ன, மனம் என்ன சொன்னது, நான் என்ன செய்தேன். தமிழில் இதற்கு வசதி அதிகம். குத்தல், குடைச்சல், மதமதப்பு, சுருக்கென்று இழுப்பது, எரிவது, பாரம் என்று நம்மிடம் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ‘வலி’ என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்து, எந்த மாதிரி என்று எழுதச் சொல்லுங்கள். ‘நெஞ்சில் ஹார்ட் அட்டாக் மாதிரி’ என்று எழுதியிருந்தால், அது முதல் கட்டத்திலிருந்து இரண்டாவது கட்டத்துக்குப் போக வேண்டியது. அந்த ஒரு மாற்றத்தை அவரே செய்யும்போது பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. (ஆனால் மாரடைப்பு பற்றிய சோதனை முன்பே முடிந்திருக்க வேண்டும், முதல் படியை முடிக்காமல் வந்தவருக்கு இந்தத் தாள் ஆபத்து.)

8. பயிற்சிக்குப் பின் பேச்சு

கண்ணைத் திறந்ததும் நடக்கும் பத்து நிமிட உரையாடலில்தான் சிகிச்சை நடக்கிறது என்று சொல்வேன். புதியவர்கள் இங்கே அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஓர் உதாரணம்:

‘ஒண்ணும் தெரியல மேடம். எரிச்சல்தான் இருந்துச்சு.’

‘எரிச்சல் எங்கம்மா இருந்தது?’

‘ரெண்டு பாதத்துலயும்.’

‘முழுப் பாதமுமா?’

‘குதிகால்ல இல்ல. முன்பக்கம்தான்.’

‘கவனிச்ச நேரம் பூரா ஒரே மாதிரி இருந்ததா?’

கொஞ்சம் யோசித்தார். ‘நடுவுல ஃபேன் சத்தத்தைக் கேட்டேன். அப்போ தெரியல. அப்புறம் திரும்ப வந்துச்சு.’

அவ்வளவுதான். ‘பார்த்தீர்களா, கவனம் மாறினால் வலி போகிறது’ என்று நான் முடித்துவைத்திருந்தால், அடுத்த வாரம் அவர் ஃபேன் சத்தத்தை வலிநிவாரணியாகப் பிடித்துக்கொண்டு, அது வேலை செய்யவில்லை என்று வந்திருப்பார். எங்கே, எப்படி, மாறியதா, அப்போது மனம் என்ன சொன்னது: இந்த நான்கு கேள்விகளுக்குமேல் தேவைப்படுவது அரிது. ஏன் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

9. ஐந்தாம் ஆறாம் வாரங்கள்: வேலையைக் கடிகாரத்தால் அளத்தல்

உடம்பு லேசாக இருக்கும் நாளில் துணி துவைத்து, பரண் துடைத்து, மாவரைத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது இவர்களில் பலரின் வழக்கம். நிறுத்தும் நேரத்தை வலி தீர்மானிப்பதால் இந்தச் சுழல் ஓடுகிறது. ஒரு வேலையைச் சிரமமில்லாமல் எவ்வளவு நேரம் செய்ய முடிகிறது என்று மூன்று நாள் குறிக்கச் சொல்லி, அதில் ஐந்தில் நான்கு பங்கை எல்லையாக வைத்து, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே நேரத்தில் நிறுத்தச் செய்யுங்கள். நல்ல நாளில் நிறுத்துவதுதான் கடினம்; மூன்று நிமிட இடைநிறுத்தத்துக்கு இங்கேதான் உண்மையான வேலை.

நாடி பிடித்துப் பார்ப்பது, ஒரு நாளில் பத்து முறை பி.பி. பார்ப்பது, நாக்கைக் கண்ணாடியில் பார்ப்பது, இணையத்தில் தேடுவது ஆகியவற்றையும் இதே வாரங்களில் எடுங்கள். அடியோடு நிறுத்தச் சொன்னால் ஒளித்துச் செய்வார்கள். பார்க்கத் தோன்றியதும் ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டு, அந்த உந்துதல் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனித்துவிட்டு, பிறகு வேண்டுமானால் பார்க்கட்டும். மருத்துவர் பி.பி. குறிக்கச் சொல்லியிருந்தால் அது வேறு. அதற்கான நேரத்தை அவரே சொல்லியிருப்பார்.

10. வீட்டாருக்கு ஒரு கூட்டம்

ஆறாவது வாரத்துக்குள் ஒரு மணி நேரம் வீட்டில் ஒருவரை அழைத்துவரச் சொல்லுங்கள். அவர்கள் இரண்டு விதம்: ‘எல்லாம் நடிப்பு’ என்பவர்கள், குடம்கூடத் தூக்க விடாதவர்கள். இருவரிடமும் கேட்பது ஒன்றே: நாளைக்கு ஐந்து முறை ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, உடம்பைப் பற்றியல்லாத பேச்சுக்கு மாலையில் கால்மணி நேரம் ஒதுக்குவது.

11. கடைசி இரண்டு வாரங்களும் அதன் பிறகும்

ஏழாம் வாரத்தில் பதிவு இல்லாமல் செய்யப் பழக்குங்கள். உங்கள் குரலைச் சார்ந்தே இருந்தால் குழு முடிந்த மறுவாரம் பயிற்சியும் நின்றுவிடும். எட்டாம் வாரத்தில் ஒவ்வொருவரும் ஓர் அட்டை எழுத வேண்டும்: உபாதை திரும்பக் கூடினால் முதல் நாள் என்ன செய்வேன், மூன்றாம் நாள் என்ன செய்வேன், எந்த அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போவேன். அதைக் கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் அளவில் எழுதச் சொல்லுங்கள்.

அன்றே வினாத்தாள்களையும் நோக்கத் தாளையும் திரும்பக் கொடுங்கள். பி.எச்.க்யூ-15-இல் ஒன்றிரண்டு புள்ளி இறங்கியதைப் பெரிதாக்கவோ ஏறியதற்குக் கலங்கவோ வேண்டாம். இரண்டு நோக்கங்களில் எது நடந்தது, எது பாதி நடந்தது என்று அவர் வாயால் சொல்லட்டும். அதை மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் அப்படியே சேருங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மறுகூட்டத்துக்கான தேதியை, எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். பிறகு போன் செய்து கூட்டலாம் என்று விட்ட இரண்டு குழுக்களிலும் எனக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர்.